அரசு ஊழியருக்குச் சங்கம் எதற்கு? சங்கம் இருந்தால் கம்பெனி வராமல் போகுமா?



போன மாதம் நமது பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டம் முடியும் நேரம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கும் ஒரு உறுப்பினர் எழுந்தார். "அடுத்த கூட்டத்துக்கு நான் வர முடியாதுங்க. எங்க சங்கத்துல மறியல் வச்சிருக்காங்க, போகணும்" என்றார்.

பின்னாலிருந்து உடனே ஒரு குரல்: "ஏன்க்கா, நீங்க எல்லாரும் மறியலுக்குப் போயிட்டா எங்க புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுறது?"

இன்னொரு உறுப்பினர் சொன்னார்: "என் மகன் டிப்ளமோ முடிச்சிட்டு ரெண்டு வருஷமா கம்பெனி வேலைக்கு அலையுறான். சங்கம், ஸ்டிரைக்குன்னு இருந்தா கம்பெனிக்காரன் பக்கத்து மாநிலத்துக்குப் போயிடுவானாம். டிவியில பேசுறாங்க."

சமையல் உதவியாளர் திரும்பிப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா அடுப்புல வேகுறேன் தங்கச்சி. ரிட்டயர் ஆனா கைக்கு வர்றது மாத்திரை வாங்கக்கூட பத்தாது. நான் தனியா போய்க் கேட்டா யாரு கேப்பாங்க?" என்றார். அவர் கண் கலங்கியது. கூட்டம் அமைதியாகிவிட்டது.

மூன்று பேருமே நம் உறுப்பினர்கள். மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். நாம் எந்தக் கட்சிக்காகவும் பேச வரவில்லை.

சங்கம் என்றால் என்ன?

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனியாக ஒரு பெண் வங்கிக்குப் போய் கடன் கேட்டபோது என்ன நடந்தது? வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பதினைந்து பேர் குழுவாகப் போனபோது நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். தொழிற்சங்கமும் இதே கதைதான். தனியாளுக்கு இல்லாத பலம் கூட்டாகச் சேரும்போது வருகிறது.

நமது சென்னையில்தான் 1918ம் ஆண்டு மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதை முன்நின்று நடத்தினார்கள். பிறகு வந்த நமது அரசியல் சட்டம், 19வது பிரிவில், சங்கம் அமைக்கும் உரிமையை எல்லா குடிமக்களுக்கும் கொடுத்திருக்கிறது. அரசு ஊழியரும் குடிமக்கள்தானே! அவர்களுக்கும் சங்கம் உண்டு.

மில்லும் அரசாங்கமும் ஒன்றா?

இங்கேதான் சிக்கல் வருகிறது. மில்லில் வேலைநிறுத்தம் நடந்தால் முதலாளிக்கு நஷ்டம். அதனால் அவர் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவார். அரசு அலுவலகத்தில் வேலைநிறுத்தம் நடந்தால் நஷ்டம் யாருக்கு? சாதிச் சான்றிதழுக்கு நிற்கும் பிள்ளைக்கு, பிரசவத்துக்குப் போன பெண்ணுக்கு, மதியச் சோற்றை நம்பி பள்ளிக்கு வரும் குழந்தைக்கு. சம்பளம் கொடுக்கும் பணமும் ஒரு முதலாளியின் பணம் இல்லை. நாம் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் கட்டுகிற வரி அது.

இதனால்தான் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973ல், 22வது விதி வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 1962ம் ஆண்டு ஒரு பீகார் வழக்கில் தீர்ப்பு சொன்னது. அமைதியாக ஆர்ப்பாட்டம் செய்து குறையைச் சொல்லலாம், ஆனால் வேலைநிறுத்தம் என்பது அடிப்படை உரிமை ஆகாது என்பது அதன் சாரம். அதாவது சங்கம் வைக்கலாம், கோஷம் போடலாம், வேலையை நிறுத்த மட்டும் உரிமை இல்லை.

2003ல் நம் மாநிலத்தில் நடந்தது

நம்மில் மூத்தவர்களுக்கு இது நல்லா ஞாபகம் இருக்கும். ஓய்வூதியம் சம்பந்தமான சலுகைகளை அரசு குறைத்தது. அதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 2003 ஜூலை மாதத் தொடக்கத்தில் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றைய அரசு டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தது. சுமார் 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கியது! தலைவர்களை இரவோடு இரவாகக் கைது செய்தார்கள். பல இடங்களில் தற்காலிக ஆட்களை வைத்து அலுவலகத்தை நடத்தினார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டு, இனி வேலைநிறுத்தம் செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 2003 ஆகஸ்டு 6ம் தேதி வந்த தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொன்னது. நாடு முழுக்க இது பெரிய விவாதம் ஆனது. மறு வருடம் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு, மீதியிருந்த நடவடிக்கைகளையும் அரசே திரும்பப் பெற்றது.

இதில் யார் ஜெயித்தார்கள்? ஊழியர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மக்களுக்கு வேலை நடக்கவில்லை. அரசுக்கும் கெட்ட பெயர். உட்கார்ந்து பேசாமல் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டால் இதுதான் நடக்கும்.

அரசு சொல்லும் கணக்கு

அரசு பக்கத்து வாதத்தையும் கேட்போம். ஒரு குடும்பத்தில் மாதம் 10,000 ரூபாய் வரவு என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, வட்டி, பெரியவர்களுக்கு மருந்து என்று 9,000 போய்விட்டால் கிணறு தோண்டவோ மாடு வாங்கவோ எங்கே பணம்? அதேபோல சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி மூன்றும் சேர்ந்து வருமானத்தை விழுங்கிவிட்டால் ரோடு போட, மின்சாரம் பெருக்க, பள்ளிக் கட்டடம் கட்ட மிச்சம் இருக்காது. ரோடும் மின்சாரமும் இல்லாத ஊருக்குக் கம்பெனி வராது. இது பொய்யில்லை. இந்தக் காரணத்தால்தான் 2003ல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. 2003 ஏப்ரல் 1ம் தேதிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று மாற்றினார்கள். ஊழியர் சம்பளத்தில் 10 சதவீதம், அரசு பங்கு 10 சதவீதம் என்பது அந்தத் திட்டம். பழைய ஓய்வூதியத்தைக் கேட்டு 2019 ஜனவரியிலும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது பொதுத் தேர்வு நெருங்கும் சமயம். பிள்ளைகளைப் பெற்ற நமக்கு வயிற்றில் புளி கரைத்தது.

கம்பெனி எதைப் பார்த்து வருகிறது?

சரி, சங்கம் இருந்தால் கம்பெனி ஓடிவிடுமா? நடந்ததைப் பார்ப்போம். 1990களில் ஃபோர்டு கம்பெனி மறைமலை நகருக்கு வந்தது. ஹூண்டாய் 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. அப்போதும் நம் மாநிலத்தில் அரசு ஊழியர் சங்கங்கள் பலமாகத்தான் இருந்தன. வந்தவர்கள் பார்த்தது என்ன? துறைமுகம் பக்கம், ரோடு வசதி, உதிரிபாகம் செய்யும் பட்டறைகள், படித்த பிள்ளைகள்.

அந்தப் படித்த பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? 1956ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு பரவியது. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரிவுபடுத்தினார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு, அரசுப் பள்ளியில் படித்து, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போன பிள்ளைகள் எத்தனை பேர்! சோறு ஆக்கியவர், பாடம் சொன்னவர், தடுப்பூசி போட்ட கிராம செவிலியர் எல்லோரும் அரசுச் சம்பளம் வாங்கியவர்கள். ஆக, இவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் செலவு மட்டும் இல்லை, விதைநெல்லும்கூட. விதைநெல்லை மிச்சம் பிடித்தால் அடுத்த போகம் என்ன ஆகும்?

அதற்காகக் கேட்டதை எல்லாம் கொடுத்துவிட முடியுமா? முடியாது. களஞ்சியத்தில் இருப்பதைப் பார்த்துத்தானே விதைக்க முடியும்.

அமெரிக்காவில் ஒரு மாநிலம்

இந்தச் சண்டை நம்ம ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். உள்ளாட்சி ஊழியர்களுக்குச் சங்கமாகச் சேர்ந்து சம்பளம் பேசும் உரிமையை 1959லேயே சட்டமாகக் கொடுத்த மாநிலம் அது. 2011ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் (அங்கே ஆளுநர்தான் நம் முதலமைச்சர் மாதிரி) அந்த உரிமையைப் பெரும்பாலும் பறித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, தொழில் வளர வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். போலீசுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் விலக்கு. ஆசிரியர்களுக்கு விலக்கு இல்லை. கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான பேர் தலைமைச் செயலகத்தில் புகுந்து உட்கார்ந்து போராடினார்கள். சட்டம் நிற்கவில்லை, வந்துவிட்டது.

விளைவு என்ன? ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஊழியர்கள் அதிகம் கட்ட வேண்டியிருந்ததால் உள்ளாட்சிகளுக்குப் பணம் மிச்சமானது. திறமையான ஆசிரியருக்குக் கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொள்ளவும் சில பள்ளிகளால் முடிந்தது. ஆனால் நான்கு ஆண்டில் 2.5 லட்சம் தனியார் வேலை உருவாகும் என்று அவர் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. சங்கம் பேசிய காலத்தில் ஆசிரியர் சம்பளம் ஒரே பட்டியல்படி இருந்தது. பட்டியல் போன பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டி வந்தது. அதே படிப்பு, அதே அனுபவம் இருந்தும் பெண் ஆசிரியர்கள் ஆண்களைவிடக் குறைவாக வாங்க ஆரம்பித்தார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெண்கள் வாய் திறந்து பேரம் பேசுவது குறைவு என்பது ஒரு காரணம். நமக்குத் தெரியாத விஷயமா இது? களையெடுப்புக் கூலியிலேயே பார்த்தவர்கள்தானே நாம்!

சங்கமே இல்லாமல் நிற்பவர்கள்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கன்வாடித் திட்டம் 1975ல் தொடங்கியது. அந்தப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் ஆகமாட்டார்கள் என்று 2006ல் ஒரு கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அவர்கள் சங்கமாக நின்று கேட்பதை விடவில்லை. 2022ல் குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்குப் பணிக்கொடை பெற உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு வேலையை நிறுத்தவில்லை, வழக்கு நடத்தினார்கள்.

2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அதில் சமைப்பவர்கள் யார்? நமது குழு உறுப்பினர்கள்தான். விடியற்காலையில் எழுந்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் இவர்கள் நிரந்தர அரசு ஊழியர் இல்லை. அடுப்பில் கை சுட்டால், சம்பளம் தாமதமானால், இவர்களுக்காக யார் பேசுவது? ஆக, இது "அரசு ஊழியர் பிரச்சினை, நமக்கென்ன" என்று ஒதுக்கும் விஷயம் இல்லை.

நடுவழி இருக்கிறதா?

இருக்கிறது. மத்திய அரசில் 1960ல் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. பிறகு 1966ல் கூட்டு ஆலோசனை முறை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அரசு அதிகாரிகளும் ஊழியர் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும். சம்பளம், வேலை நேரம், விடுப்பு பற்றி உடன்பாடு வரவில்லை என்றால் நடுவர் தீர்ப்புக்கு அனுப்பலாம். நம் குழுவில் கடன் தகராறு வந்தால் ஊக்குநரையும் பிரதிநிதியையும் வைத்துப் பேசி முடிப்பதில்லையா? அந்த மாதிரிதான்.

எங்கள் கருத்து இதுதான். வேலைநிறுத்தம் கூடாது என்று அரசு சொன்னால், கேட்பதற்கு ஒரு மேசையைக் கட்டாயம் போட வேண்டும். கதவையும் சாத்திவிட்டு, தட்டவும் கூடாது என்றால் அது நியாயம் ஆகாது. சங்கமும் தன் பங்குக்குப் பிள்ளைகளின் சோறு, பிரசவம், தேர்வு இந்த மூன்றையும் பணயம் வைக்கக் கூடாது. அரசின் வரவு செலவை இரண்டு தரப்பும் மக்கள் முன் திறந்து வைத்துப் பேச வேண்டும். சங்கமா, கம்பெனியா என்று நம்மை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தப்பான கேள்வி. பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் கையும் வேண்டும், வளர்ந்த பிள்ளைக்கு வேலையும் வேண்டும்.

அன்றைய கூட்டத்தில் கடைசியாக என்ன நடந்தது தெரியுமா? முதலில் கேள்வி கேட்ட அந்தத் தங்கையே எழுந்து, "மறியல் அன்னைக்கு எங்க குழுவுல நாலு பேர் வந்து சமைச்சுத் தர்றோம்க்கா. தலைமையாசிரியர்கிட்ட நீங்க முன்னாடியே அனுமதி கேட்டு வைங்க" என்றார். அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்:

1. நம் ஊரில் அரசுப் பணி அல்லது மதிப்பூதியப் பணி செய்யும் உறுப்பினர்கள் எத்தனை பேர்? அவர்கள் குறையை நாம் கேட்டிருக்கிறோமா?

2. வேலைநிறுத்தம் வந்தால் எந்த வேலை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது?

3. காலை உணவு சமைக்கும் நம் சகோதரிகளுக்காகக் கூட்டமைப்பு எங்கே, எப்படிப் பேச வேண்டும்?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து யோசிப்போம், சேர்ந்து கேட்போம்!