எட்டும் தூரமும் கேட்கும் ஊரும்

சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பை ஆரம்பித்தபோது, அதன் டிரான்ஸ்மிட்டரின் திறன் வெறும் 40 வாட். பின்னர் அது 200 வாட் ஆனது. பணமுடையால் 1927-இல் கிளப் ஓய்ந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்றுக்கொண்டு, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தது. இத்தகைய சிறு நிலையம் என்றாலே ‘ராத்திரியில் எவ்வளவு தூரம் எடுக்கும்?’ என்று கேட்பது வழக்கம். மாநகராட்சியோ யார் காதில் விழ வேண்டும் என்று பார்த்தது. அதுவே சரியான அளவுகோல். இரவில் அலை அதிக தூரம் போவது உள்ளூர் நிலையத்துக்குப் பலம் அல்ல. அதன் சேவை சுருங்கும் நேரமும் அதுதான்.

மயிலாப்பூரில் 200 வாட் மத்திய அலை நிலையம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகலில் அதன் அலை தரையை ஒட்டியே பரவும். மேலே போகும் அலையை, வெயிலால் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் உருவாகும் டி அடுக்கு விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைய, அதற்கு மேலுள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறக்கும். ஆனால் இது இருவழிப் பாதை. அதே அலைவரிசையில் ஒலிபரப்பும் தொலைதூர நிலையங்களும் அடையாறில் வந்து இறங்கும். 1924-இல் வானம் ஏறக்குறைய காலியாக இருந்தது. இன்று 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிலையங்கள் நெருக்கியடிக்கின்றன. போதாததற்கு, தி.நகர் கடைவீதியின் எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் கிளப்பும் இரைச்சல் வேறு. பகலில் தாம்பரத்தில் கேட்கும் குரல், இரவில் சைதாப்பேட்டையிலேயே மூழ்கிப்போகலாம்.

திறனைக் கூட்டினால் தீராதா என்று கேட்கலாம். அலையின் வலிமை திறனின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயரும். 40 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. மேலும், நிலையத்தின் தரையலையும் வானலையும் சம வலிமையில் சந்திக்கும் வளையத்தில் ஒலி ஏறி இறங்கிச் சிதையும். திறனைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். சிதைவு அப்படியே இருக்கும். தொலைதூர நேயர்களின் கடிதங்கள் சான்றாகாதா? ஒரு நல்ல ஆன்டெனா வைத்து, ஓர் இரவு, சில நிமிடங்கள் கேட்டதற்கு அவை சான்று. தினமும் இரவுச் செய்தியை நம்பிக் காத்திருக்கலாம் என்பதற்கு அல்ல.

1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் தொடங்கிய அகில இந்திய வானொலி நிலையத்தில் 250 வாட் மத்திய அலை, 10 கிலோவாட் சிற்றலை என இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. நகரத்துக்கு ஒன்று, தொலைவுக்கு ஒன்று என்ற அந்தப் பிரிவினையில் தெளிவு இருந்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலி தொடங்கியபோது கையில் இருந்தது பண்பலை. அயனி அடுக்குகள் அதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை என்பதால், அந்தி சாய்ந்தாலும் அதன் எல்லை அவ்வளவாக மாறாது. தூரம் குறைவுதான், ஆனால் அந்தத் தூரத்துக்குள் வாக்குத் தவறாது. எந்தச் சிறு நிலையத்தின் எல்லையையும் அதன் மிக மோசமான நேரத்தை வைத்து வரைவதே நேர்மை.