மாத்தளைக்குப் போகுமுன்: யாருடைய வாசலில் நிற்கப்போகிறீர்கள்?

ஏ9 வீதியில் வடக்கிலிருந்து இறங்கி வருபவருக்கு, தம்புள்ளையில் தொடங்கி மாத்தளை நகரைத் தாண்டும்வரை கைக்கெட்டும் தூரத்தில் எத்தனையோ இடங்கள். சீகிரியா, தம்புள்ளைக் குகை விகாரை, நாலந்தா கெடிகே, வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்கள், முத்துமாரியம்மன் கோவில், ரத்தோட்டை வழியாக மேலேறினால் ரிவர்ஸ்டன், அதற்கப்பால் நக்கிள்ஸ் காடு. நான்கு நாள் விடுமுறைக்குத் திட்டம் போடும் குடும்பம் தூரத்தைக் கணக்கிடுகிறது, வாகனக் கூலியைப் பேசுகிறது, அறையைப் பிடிக்கிறது. ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: அங்கே ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இந்த மாவட்டத்தில் அதற்கு ஒரே பதில் கிடையாது. சீகிரியாவின் நுழைவுச்சீட்டு மத்திய கலாசார நிதியத்துடையது. தம்புள்ளைக் குகைகள் விகாரை நிர்வாகத்தின் கையில் உள்ளன. நக்கிள்ஸ் வனத் திணைக்களத்தின் பொறுப்பு, வஸ்கமுவ தேசியப் பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. எல்கடுவைப் பக்கத்து செம்புவத்தை ஏரி தேயிலைத் தோட்டக் காணிக்குள் இருக்கிறது. வாசனைத் திரவியத் தோட்டமோ தனியார் கடை. ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் பயணியின் உரிமையும் அதைக் கேட்டுப் பெறும் வழியும் மாறுகின்றன. ஆகவே பயணத் திட்டத்தைக் காட்சிகளின் வரிசையாகப் போடாமல், வாசல்களின் வரிசையாகப் போட வேண்டும் என்பதே என் வாதம். எந்த வாசலில் எந்தக் காகிதத்தை வாங்குகிறோம் என்பதில்தான் பிற்பாடு கிடைக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

முதலில் காடு. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியானது. அனுமதியில்லாமல் உள்ளே போவதும், தீ மூட்டுவதும், செடிகொடிகளுக்குச் சேதம் விளைவிப்பதும் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ‘எனக்கு உள்வழி தெரியும், டிக்கெட் தேவையில்லை’ என்று ஒருவர் அழைத்துப்போனால், சட்டத்தின் முன் கூடப் போனவரும் குற்றவாளியே. ஆனால் தண்டனையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காட்டில் வழி தவறியவரைத் தேடுவது, அவர் எந்தப் பாதையால் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்ற தகவலிலிருந்துதான் தொடங்கும். அதைச் சொல்லும் பதிவு நுழைவிடத்தில் மட்டுமே இருக்கிறது. டிக்கெட் எடுக்காமல் போனவர் திரும்பி வராவிட்டால், அவர் வரவில்லை என்பதே மறுநாள்வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். ரிவர்ஸ்டன் உச்சியிலும் பிட்டவல பத்தனைப் புல்வெளியிலும் மூடுபனி இறங்கினால் சில அடி தூரத்துப் பாறை விளிம்புகூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம்?

காலநிலை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விடயம். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுகளில் கொட்டும். பாடசாலை விடுமுறை என்று குடும்பங்கள் தெரிந்தெடுக்கும் டிசம்பர் இந்த மழைக்காலத்துக்குள்தான் விழுகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாத்தளை உட்பட மலையக மாவட்டங்களில் மண்சரிவுகள் கிராமங்களைப் புதைத்தன, வீதிகளை அறுத்தன. மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். முதலாம் கட்டம் விழிப்பாக இருக்கச் சொல்கிறது, இரண்டாம் கட்டம் ஆயத்தமாகச் சொல்கிறது, மூன்றாம் கட்டம் வெளியேறச் சொல்கிறது. இந்த எச்சரிக்கைகள் சுற்றுலாத் தலத்தின் பெயரில் வருவதில்லை, பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வரும். ரிவர்ஸ்டன் என்ற பெயரைத் தேடுகிறவர் ரத்தோட்டை, லக்கல பல்லேகம, உக்குவளை, அம்பன்கங்க கோரளை என்ற பெயர்களைக் கேட்டாலும் அது தமக்கானது என்று உணர மாட்டார். எனவே அறையைப் பதிவு செய்யும்போதே அது எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் அவர்கள் முதலில் கேட்பது அந்த இடத்தைத்தான்.

இங்கே பணமும் உயிரும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை வந்த பிறகும் குடும்பங்கள் மலையேறுவதற்கு அறியாமை மட்டுமே காரணமல்ல. கட்டிய முற்பணம் போய்விடுமே என்ற தயக்கமும் காரணம். தொலைபேசியில் பேசி, யாருடையது என்றே தெரியாத கணக்குக்குப் பணம் போட்ட பின் அதைத் திருப்பிக் கேட்க ஆதாரம் ஏதும் இருக்காது. அதற்கு மாற்று மிக எளிது. பணம் அனுப்புமுன் ஒரு குறுஞ்செய்தி: ‘மண்சரிவு எச்சரிக்கையோ வீதித் தடையோ வந்தால் முற்பணத்தைத் திருப்பித் தருவீர்களா, அல்லது வேறு திகதிக்கு மாற்றித் தருவீர்களா?’ வரும் பதிலை அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே உடன்படிக்கை. பதில் சொல்ல மறுக்கிற இடத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். தங்குமிடமும் வழிகாட்டியும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்றவர்களா என்று 1912இல் கேட்டறியலாம். வழிகாட்டிகளுக்கு அந்த அதிகாரசபை அடையாள அட்டை தருகிறது, அதைக் காட்டச் சொல்வதில் அவமரியாதை ஏதுமில்லை. வாடகை வானைப் பிடிக்கும்போது காப்புறுதிப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும். தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்த வாகனம் கூலிக்கு ஓடி விபத்தில் சிக்கினால், இழப்பீடு தர நிறுவனம் மறுக்க இடமுண்டு.

இனி வாசனைத் திரவியத் தோட்டம். இந்த மண்ணின் மிளகும் சாதிக்காயும் கராம்பும் பெருமைக்குரியவை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருப்பதே அந்தப் பயிர்களின் முக்கியத்துவத்தைச் சொல்லும். அதனால்தான் இவற்றின் பெயரால் நடக்கும் ஏமாற்று மனதை வருத்துகிறது. எல்லாத் தோட்டங்களும் இப்படியல்ல, ஆனாலும் முறை பழகிப்போன ஒன்று. சுற்றிக் காட்டுவது இலவசம். மூலிகைத் தேநீர் இலவசம். கைகால்களில் எண்ணெய் தடவி விடுவதும் இலவசம். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் மூட்டுவலி, முடி உதிர்வு, நீரிழிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டியைக் காட்டுவார். வழி கடைக்குள் போய் முடியும், அங்கே விலை வெளியே உள்ளதைப் போல் பல மடங்கு. அந்த விலைக்குள் வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவருக்கான கொமிஷனும் அடக்கம். இலவசமாகக் கிடைத்த உபசரிப்பு வாங்கும் கடமையை உண்டாக்காது; எழுந்து வந்துவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. நோய் தீரும் என்று சொல்லி விற்பது விலையைவிடப் பாரதூரமான விடயம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி ஆயுர்வேத வைத்தியர்கள் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டும். வைத்தியர் என்று சொல்பவரிடம் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அவர் பேச்சைக் கேட்டு நீரிழிவு மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்துகிறவருக்கு வரும் இழப்பு பணத்தோடு நிற்காது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இந்தக் கடைகளுக்கும் பொருந்தும். ஏமாற்றும் விதமாக நடப்பதையும் பொய்யான தகவல் சொல்லி விற்பதையும் அது தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. புட்டியில் விலையும் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். தரம் குறைந்த பொருளுக்கோ சேவைக்கோ எழுத்தில் முறைப்பாடு செய்ய மூன்று மாத அவகாசம் உண்டு. அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் எந்தக் கடை, எந்த நாள், எந்தப் பொருள் என்று எதையும் நிறுவ முடியாது. ‘பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்’ என்பவர் உண்மையில் உங்கள் முறைப்பாட்டு உரிமையைத்தான் அந்தக் கழிவுக்கு வாங்கிக்கொள்கிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. சாரதிமார் கொமிஷனை நம்பித்தான் வாழ்கிறார்கள் என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் அதை உண்டாக்கியதில் நமக்கும் பங்குண்டு. கூலியை அடிமட்டத்துக்குப் பேரம் பேசிவிட்டு, சாரதிக்கு இரவுப் படுக்கையும் சாப்பாடும் யார் தருவது என்று கேட்காமல் புறப்படுகிறோம். குறைந்த அந்தப் பணத்தை அவர் கடைகளில்தான் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. நியாயமான கூலி, தங்க இடம், வழியில் கடைகளில் நிறுத்துவதில்லை என்ற மூன்றையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது. பதிவு, பத்திரம் என்று கேட்டால் சொந்த வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடும் ஏழைக் குடும்பம் பாதிக்கப்படாதா என்பது இரண்டாவது. அவர்களிடம் பதிவு இல்லையென்றால் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. முற்பணத்தைக் குறையுங்கள், மீதியைத் தங்கிய பின் கொடுங்கள், பேசியதை எழுத்தில் வையுங்கள். நேர்மையான வீட்டுக்காரருக்கு அதில் இழப்பில்லை. மூன்றாவது மறுப்பு கனமானது: சட்டமெல்லாம் இருந்தாலும் விடுமுறை முடிந்து ஊர் திரும்பியவர் மாத்தளைக்கும் வீட்டுக்குமாக எத்தனை முறை அலைய முடியும்? தீர்வு மெதுவாகத்தான் வரும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஆதாரத்தோடு கூடிய கடிதத்தைத் தபாலில் அனுப்ப அலைய வேண்டியதில்லை. சிறு பணத் தகராறுகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன, அங்கே சட்டத்தரணிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பயணி இங்கே கூடுதலாக ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். டித்வா நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. மலையகத் தமிழர் தலைமுறைகளாக வாழும் மாவட்டத்தில் இது பயணிகளோடு முடியும் குறையல்ல. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஓர் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மாத்தளையில் பொலிஸ் முறைப்பாடோ நுகர்வோர் முறைப்பாடோ செய்யும்போது விளங்காத மொழியில் எழுதப்பட்டதைப் படித்துப் பாராமல் கையொப்பமிடாதீர்கள். தமிழில் எழுதிய கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். ஏற்க மறுத்தால், மறுத்த அதிகாரியின் பதவியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அதே கடிதத்தின் பிரதியோடு எழுதலாம். ஒரு வாசலில் தமிழ் அறிவித்தல் இல்லாவிட்டால் அதைப் படம் எடுத்து அந்த ஆணைக்குழுவுக்கே கடிதத்தோடு இணைத்து அனுப்பலாம்.