விளிம்பில் இருந்த பெயர்

தபால் தலை சேர்ப்போர் நம் விடுதியில் பலர் உண்டு. பழைய நாணயம் சேர்ப்போரும் சிலர் உண்டு. நான் சேர்ப்பது பழைய இராணுவப் பதக்கங்களை. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நம் நாட்டுப் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட பதக்கங்கள், அவர்கள் தொப்பியிலும் தோளிலும் அணிந்த வில்லைகள், சட்டைப் பொத்தான்கள் ஆகியவை என் தகரப் பெட்டியில் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 11 உருப்படிகளே. ஆயினும் அவற்றால் நான் கற்றது கொஞ்சமன்று. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதற் பதக்கம் கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் பிழையும் அடங்கியிருக்கிறது.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, சாலைக் கம்போளத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால் நான் காரியவட்டத்திலிருந்து பேருந்து ஏறி அங்கேதான் போவது வழக்கம். பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்களை எடைக்கு வாங்கும் ஒரு கடையில், நசுங்கிய சொம்புகளுக்கும் உடைந்த குத்துவிளக்குகளுக்கும் இடையே வட்டமான தகடு ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன்.

“இது என்ன அண்ணாச்சி?” என்றேன்.

“ஏதோ பழைய துட்டு போலிருக்கு தம்பி. எதுவானாலும் எடைக் கணக்குத்தான்” என்றார் கடைக்காரர்.

எடைக் கணக்கிலேயே வாங்கிக்கொண்டேன். விடுதிக்கு வந்ததும் செய்த முதல் வேலை, அதைத் துலக்கியது. வீட்டில் அம்மா திருவிளக்குத் துலக்குவது போலவே புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு நன்றாகத் தேய்த்தேன். பதக்கம் பொன்போல மின்னியது. நண்பர்களெல்லாம் வியந்தார்கள். மறுநாள்தான் அதன் விளிம்பைச் சுற்றிலும் எழுத்துக்கள் இருப்பதைக் கண்டேன். ஏற்கெனவே தேய்ந்திருந்த எழுத்துக்கள்; என் கைவண்ணத்தால் மேலும் மங்கிப்போயிருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எண்ணில் மூன்று இலக்கங்களும், பெயரின் முடிவில் ‘சாமி’ என்பதும், தொழிலாளர் படையைக் குறிக்கும் சுருக்கெழுத்தும் மட்டுமே தெரிந்தன. பெயரின் முற்பகுதி போய்விட்டது. முனுசாமியோ, இராமசாமியோ, சின்னசாமியோ, யாரறிவார்? நம் நாட்டில் சாமிகளுக்குப் பஞ்சமா!

அது என்ன பதக்கம் என்பதைப் பிறகு படித்தறிந்தேன். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போருக்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் அது. குறுக்களவு 36 மில்லிமீட்டர். குதிரைவீரன் உருவத்தை வடித்தவர் வில்லியம் மக்மில்லன் என்னும் சிற்பி. குதிரை, கழுகு பொறித்த கேடயத்தைக் காலில் மிதித்து நிற்கும். கழுகு ஜெர்மானியரின் சின்னம். இப்பதக்கம் வெள்ளியில் சுமார் 65 இலட்சம் செய்யப்பட்டது. வெண்கலத்தில் செய்யப்பட்டவை சுமார் 1,10,000 மட்டுமே. ஆயுதம் ஏந்திப் போரிட்டவருக்கு வெள்ளி. மண் வெட்டியும் மூட்டை சுமந்தும் பாதை போட்டும் உழைத்த இந்தியர், சீனர், மால்டா தீவினர் முதலிய தொழிலாளர் படையினருக்கு வெண்கலம். குண்டு விழும்போது அது யார் கையில் துப்பாக்கி, யார் கையில் மண்வெட்டி என்று பார்த்து விழுவதில்லை. பதக்கம் மட்டும் பார்த்தே விழுந்தது. என் கையிலிருந்தது வெண்கலம். அதனால்தான் அது பித்தளைக் குவியலுக்குள் வந்து சேர்ந்தது.

உலோகத்தால் மனிதரைத் தரம் பிரிப்பது அன்று புதிதன்று. 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அவ்வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் செய்வித்தது. அதில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை அடக்குவதாகச் சித்திரம். தளபதிகளுக்குப் பொன், அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, அவர்க்கும் கீழானவருக்கு வெறும் வெள்ளி, அதற்கும் கீழே வெண்கலம், சாதாரணச் சிப்பாய்களுக்கு வெள்ளீயம். சென்னைப் படையைச் சேர்ந்த நம் சிப்பாய்கள் பெற்றது அந்த வெள்ளீயம்தான். அதில் எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. 1815-இல் நடந்த வாட்டர்லூப் போருக்கான பதக்கத்தில்தான் கடைநிலை வீரன் வரைக்கும் ஒவ்வொருவன் பெயரையும் விளிம்பில் பொறித்துக் கொடுத்தார்கள். அவ்வழக்கமே தொடர்ந்து வந்து, நூறாண்டு கழித்து நம் ‘சாமி’யின் பதக்கத்தையும் எட்டியது.

விளிம்பில் உள்ள பெயருக்கு இத்தனை மதிப்பு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஈராக்கில் பாஸ்ரா நகருக்காக எழுப்பிய போர் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. 1929-இல் திறந்துவைக்கப்பட்டது. மெசபடோமியப் போரில் மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக அமைக்கப்பட்டது அது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் கல்லில் வரிசையாகச் செதுக்கப்பட்டன. இந்தியரிலோ அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே கிடைத்தது. 2021-இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு இவ்வநீதியை ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறுகிறது. அத்தகைய ஒருவரின் குடும்பத்துக்கு ஒரு பதக்கம் வந்து சேர்ந்திருந்தால், அவர் பெயரை உலோகத்தில் தாங்கி நிற்பது அதன் விளிம்பு ஒன்றே. அதைத்தான் நான் புளி போட்டுத் தேய்த்தேன்!

இதற்கு மாறான காட்சி ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை வென்றார். அப்போது பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாகவே உயர்ந்தார். 1777-இல் இறந்த அவரை அக்கோட்டைக்குள் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் இலத்தீனோடு தமிழிலும் எழுதிவைத்தார்கள். எங்கிருந்தோ வந்த மனிதருக்கு நம் மொழியில் கல்வெட்டு. எங்கோ சென்று மாண்ட நம்மவருக்கு வெறும் எண்ணிக்கை. அக்கல்லறைமுன் நின்றபோது என் நெஞ்சு கனத்தது.

என் அறை நண்பர் ஒருமுறை கேட்டார்: “என்னப்பா, அடிமைச் சின்னத்தைப் போய் அருமையாகச் சேர்த்து வைக்கிறாயே! வெள்ளைக்காரன் கொடுத்த பட்டயம் நமக்கு எதற்கு?” நியாயமான கேள்விதான். நானும் பல நாள் எண்ணிப் பார்த்தேன். பதக்கத்தின் முகம் அரசருடையது என்பதில் ஐயமில்லை. அதே போருக்கு வழங்கப்பட்ட வெற்றிப் பதக்கத்தின் பின்புறத்தில், ‘நாகரிகத்துக்காக நடந்த மகாயுத்தம்’ என்று பொருள்படும் வாசகம்கூட உண்டு. அந்த வாசகத்தை நம்பிச் சென்றவர் எத்தனை பேர்? பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிச் சென்றவர் எத்தனை பேர்? நான் சேர்ப்பது அரசரின் தலையை அன்று. விளிம்பில் நிற்கும் நம்மவர் பெயரை. இப்படிச் சொன்னேன். நண்பர் முழுதும் உடன்பட்டார் என்று கூறமாட்டேன். ஆனால் அடுத்த விடுமுறையில் தம் தாத்தாவின் பெட்டியைத் திறந்து பார்ப்பதாக வாக்களித்தார்.

பதக்கங்களைப் போலவே வில்லைகளும் பொத்தான்களும் வரலாறு பேசுகின்றன. முதல் உலகப் போர்க் காலத்துப் படைப்பிரிவுகளின் பட்டியலைப் பாருங்கள்: 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை, 73-ஆம் கர்நாடகக் காலாட்படை. நம் ஊர்ப்பெயர்களைத் தோளில் தாங்கிய படைகள்! இத்தகைய பழைய சென்னைக் காலாட்படைகள் 1920-களில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போதே சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் உருவாயிற்று. அதன் சின்னத்தில் உள்ள யானை, 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவாகப் பெறப்பட்டது. சங்குச் சின்னம் கண்டால் அது திருவிதாங்கூர்ப் படையினுடையது என்று அறியலாம். அப்படையின் வழிவந்ததே இன்றைய சென்னை ரெஜிமெண்டின் 9-ஆம் பட்டாளம்.

சென்னை சாப்பர்ஸ் படையினரின் புகழையும் மறக்கலாகாது. சுபேதார் சுப்பிரமணியன் அப்படையைச் சேர்ந்த தமிழர். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். உடன் வந்த ஒருவர் காலடியில் கண்ணிவெடி இயங்கத் தொடங்கியது. அது வெடிப்பதற்கு முன் அதன்மேல் பாய்ந்து படுத்துத் தம் உயிரைக் கொடுத்துப் பிறரைக் காத்தார். ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருதை முதலில் பெற்ற இந்தியர் அவரே. அவ்விருதின் பின்புறத்தில் பெற்றவரின் பெயரைச் செதுக்கியே கொடுப்பார்கள்.

இனி, இவற்றைத் தேட விரும்பும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள்.

முதலாவது, போலிகள் மிகுதி. உண்மையான பதக்கத்தை அச்சாக வைத்து வார்த்த போலி, உலோகம் குளிரும்போது சுருங்குவதால் சற்றுச் சிறுத்திருக்கும். எழுத்துக்களின் ஓரங்கள் கூர்மையாக இரா. வெள்ளிதானா என்றறிய ஆர்க்கிமிடீசின் முறையே போதும். நூலில் கட்டிக் காற்றில் நிறுத்தால் 31 கிராம், நீரில் மூழ்கவிட்டு நிறுத்தால் 28 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 3. 31-ஐ 3-ஆல் வகுத்தால் 10.3. பதக்க வெள்ளியின் ஒப்படர்த்தி ஏறத்தாழ அதுவே. செம்பும் நிக்கலும் கலந்த போலியாயின் 9-க்குச் சற்றுக் குறைவாக வரும். பதக்கத்தைச் சுரண்டாமலே உண்மை வெளிப்பட்டுவிடும். நாடா இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, துலக்காதீர்கள். வெண்கலத்தின்மேல் படியும் பழுப்பு நிறப் படலம் அழுக்கன்று. உள்ளிருக்கும் உலோகத்துக்கு அது ஒரு போர்வை. புளியிலுள்ள அமிலம் அப்போர்வையைக் கரைத்துவிடும். சாம்பலும் நாரும் எழுத்தையே அரித்துவிடும். மங்கிய எழுத்தைப் படிக்க, இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாய்ச்சுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் மெதுவாக உரசியும் படி எடுக்கலாம். திருவனந்தபுரம் போன்ற கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் பகை. பச்சைநிறத் தூள் பூத்தால் உலோகம் நோயுற்றது என்று பொருள். பி.வி.சி. உறைகளில் வைக்காதீர்கள், அவை நாளடைவில் அமிலத்தை வெளிவிடும். அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள்.

மூன்றாவது, உருக்கவிடாதீர்கள். 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியபோது, பதக்கத்தின் மதிப்பைவிட அதன் வெள்ளி மதிப்பு மிகுந்துவிட்டது. ஆயிரக்கணக்கான போர்ப் பதக்கங்கள் உலைக்குப் போயின. அத்தனை பெயர்களும் ஒரே குழம்பாயின. இன்றும் வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் அந்த அபாயம் உண்டு.

நான்காவது, சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்கள் தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லக் கூடாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன.

பஞ்சாபிலிருந்து சென்ற சுமார் 3,20,000 வீரர்களின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றை 2021-இல் இணையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். அங்குள்ள குடும்பங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லி முன்னோரைத் தேட வழி பிறந்தது. நம் பங்குக்கு நாமும் சிறு அளவிலேனும் தொடங்கலாமே! வரும் விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், வீட்டுப் பரணிலும் பாட்டியின் சுருக்குப் பையிலும் பாருங்கள். பதக்கம் இருந்தால் எனக்குக் கொடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். விளிம்பில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதி வாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. அவரைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். நம் மன்றத்தில் ஒரு பதிவேடு வைப்போம். அதன் முதற் பக்கத்தில் நான் மூன்று இலக்கங்களையும் ‘சாமி’ என்ற இரண்டு எழுத்துக்களையும் எழுதியிருக்கிறேன். முன்னால் சிறிது இடம் விட்டிருக்கிறேன்.