ஹெலிகாப்டரின் சுழலியும் கட்டாயப் பரிசோதனையும்

மரக்காணத்து உப்பளங்களைச் சூழ்ந்த ஊர்களில் கதவின் கீல் எத்துணை விரைவில் துருவேறும் என்பதை அவ்வூரார் நன்கறிவர். உப்புக் காற்று வீட்டின் இரும்பை அரிப்பது போலவே, அக்கரையோரம் பறக்கும் ஹெலிகாப்டரின் உலோகத்தையும் அரிக்கும். கடலில் தத்தளிப்போரை மீட்கும் பணிக்கெனச் சென்னையில் கடலோரக் காவற்படையின் 840-ஆம் அணி 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நிறுவப்பட்டது. நம் நாட்டில் அமைந்த துருவ் வகை ஹெலிகாப்டரே அதற்குரியது. ஆதலின், சுழலி உறுப்புகளைக் குறித்த காலத்தில் சோதித்தே தீரவேண்டும் என்னும் விதியின் நியாயத்தை ஈண்டு ஆராய்வோம்.

ஆகாய விமானத்தின் இறக்கை நிலையானது. ஹெலிகாப்டருக்கோ இறக்கையே சுழலுகின்றது. முன்னோக்கிச் செல்லும் அலகின்மீது காற்று மிக்க வேகத்துடனும், பின்னோக்கி வரும் அலகின்மீது குறைந்த வேகத்துடனும் மோதுதலின், ஒவ்வொரு சுற்றிலும் அலகு ஒரு முறை மேலும் கீழும் வளைகின்றது. நிமிஷத்திற்கு 300 சுற்று எனக் கொள்வோமாயின், ஒரு மணிக்கு 18,000 வளைவு. 100 மணிக்கு 18 இலக்ஷம். கம்பியைப் பலகால் வளைக்க அது முறிவது போல, உலோகமும் இதனாற் சோர்வுறும். உப்பரித்த சிறு குழியே பிளவுக்கு வித்தாகும். பிளவு மயிரிழையளவாய் நிற்குங்கால் ஓசையுமில்லை, நடுக்கமுமில்லை. குறை தோன்றியபின் பார்க்கலாம் என்பது இங்கே செல்லாது.

ஆகவே, கடல்மீது பறந்து திரும்பியபின் நன்னீராற் கழுவுதலும், குறித்த மணிக்கணக்கு நிறைந்தவுடன் சோதித்தலும் விதியாயின. சாய நீரைப் பூசித் துடைத்தால், பிளவினுள் நின்ற சாயம் கசிந்து அதனைக் காட்டிக்கொடுக்கும். உட்பிளவைக் காணச் செவிக்கெட்டாத ஒலியலையைச் செலுத்துவர். சில உறுப்புகளோ, பழுதற்றனவாய்த் தோன்றினும், தமக்குரிய மணிகள் நிறைந்ததும் விலக்கப்படும். இவ்விதி மிகையன்று. 2016-ஆம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி, நார்வே தேசத்தில் எண்ணெய்த் தொழிலாளரை ஏற்றிவந்த ஹெலிகாப்டரின் சுழலி வானிலேயே கழன்று, 13 பேரும் மாண்டனர். பற்சக்கரமொன்றின் உள்ளே பரவிய சோர்வுப் பிளவே காரணம். எச்சரிக்கும் கருவிக்கும் அது புலப்படவில்லை.

நம் நாட்டிலோ, 2025-ஆம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி போர்பந்தரில் கடலோரக் காவற்படையின் துருவ் ஒன்று வீழ்ந்து மூவர் உயிரிழந்தனர். அலகுகளின் சாய்வை மாற்றும் ஸ்வாஷ் பிளேட் என்னும் தட்டு முறிந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்ட துருவ் ஹெலிகாப்டர்கள் தரையில் நிறுத்தப்பட்டன. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் உரியவை ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின்னரே பறக்க அனுமதி பெற்றன. கடற்படைக்கும் காவற்படைக்கும் உரியவை அதற்குப் பின்னும் காத்திருந்தன.

இத்தகைய நிறுத்தத்தாற் கரையோர மக்களுக்கு நேரும் இழப்பு சிறிதன்று. புயலில் அகப்பட்ட மீனவனின் வீட்டார்க்கு, ஹெலிகாப்டர் கொட்டகையில் நிற்பது கொடுமையாகவே தோன்றும். ‘இன்று ஒரு நாள் மட்டும் பறக்கட்டும்’ என்னும் வேண்டுகோள் இரக்கத்தினின்றே பிறப்பது. எனினும், அதற்கு இணங்கிச் செல்லும் ஹெலிகாப்டர் கடலில் வீழுமாயின், மீட்கப்பட வேண்டியவரோடு மீட்கச் சென்றாரும் மடிவர். அவ்வேளையிற் சோதனையாளர் ‘இயலாது’ என உறுதியுடன் மறுத்தற்குத் துணைநிற்பதே இவ்விதி. நம் மாணவருள் இத்தொழிலை மேற்கொள்வோர் இதனை மனத்திற் கொள்வாராக.