சிறைக்கு வெளியே சோன்யா

சென்ற வாரம் தில்லையாடி வள்ளியம்மையோடு நிறுத்தியிருந்தோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்விட்ட பெண். அவர் பெயரில் இன்று கட்டடங்களும் தெருக்களும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய அதே போராட்டத்தில் தலைவர்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு வெளியே நின்று அதைத் தாங்கியவர் இன்னொரு பெண். சோன்யா ஷ்லேசின், ரஷ்ய யூதர்.

மதுக்கரைக்குப் பக்கத்துப் போத்தனூரில், 1934இல் ஜி.டி.நாயுடுவின் வீட்டில் காந்தி தங்கியதைச் சொல்ல நம் வட்டாரத்தில் ஆட்கள் உண்டு. காந்தியின் ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்தையே நடத்திய சோன்யாவைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை.

1888இல் மாஸ்கோவில் பிறந்தவர். 1891இல் அந்நகரத்து யூதர்கள் பெருங்கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். அதையடுத்த ஆண்டு இவர் குடும்பம் தென்னாப்பிரிக்கா வந்து சேர்ந்தது. பதினேழு வயதில் காந்தியிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக், அவரும் யூதர். பெண் கெட்டிக்காரி, நேர்மையானவள், ஆனால் படு துடுக்கு, சமாளிக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தே விட்டார்.

துடுக்குதான். தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, சட்டையும் டையுமாக வருவார். மாதம் பத்துப் பவுனுக்கு மேல் வாங்க மாட்டேன் என்பார். ராத்திரியில் தனியாகப் போகாதே, துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றால் கோபம் வரும். நிறவெறி ஊறிய நகரத்தில், கல்யாணமாகாத ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்தியர் வீடுகளுக்கு நேரம் காலம் பார்க்காமல் போய்வந்தால் ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

1909இல் அவரைச் சட்டப் பயிற்சியில் சேர்க்க காந்தி முயன்றார். டிரான்ஸ்வால் வழக்கறிஞர் சங்கம் மறுத்துவிட்டது. சொன்ன காரணம் ஒன்றுதான்: பெண். அங்கே பெண்கள் வக்கீலாக வழிவிடும் சட்டம் 1923இல்தான் வந்தது.

டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கத்துக்கு அவர் கௌரவச் செயலாளர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற பொருள்பட ஒரு தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டி வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் இல்லை என்றானார்கள். அது பெண்களையும் போராட்டத்துக்குள் இழுத்தது. அக்டோபரில், காந்தியின் சகா தம்பி நாயுடுவின் மனைவி உள்ளிட்ட டிரான்ஸ்வால் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்மேல் விதித்திருந்த மூன்று பவுன் வரியை எதிர்த்துத் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் இறக்கினார்கள். மூன்று மாதம் கடுங்காவல் கிடைத்தது.

நவம்பரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் டிரான்ஸ்வால் எல்லை தாண்டி நடந்தார்கள். காந்தி, அவருடைய சகா போலக், காலன்பாக் மூவரும் கைதானார்கள். பணக்கணக்கு, மலைபோல் குவிந்த கடிதங்கள், ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ், யாரைக் கேட்பதென்று தெரியாமல் தவித்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், எல்லாம் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் தலையில். சிறை போனவர்களின் தியாகம் பெரிது. போனவர்கள் திரும்பி வரும்வரை போராட்டம் கலையாமல் பார்த்துக்கொண்டதும் அதற்குக் குறைந்ததல்ல. அது நம் நினைவில் தங்காமல் போனதுதான் வருத்தம். அதற்கு முந்தைய ஆண்டே, 1912இல் அங்கு வந்திருந்த கோகலேயின் கண்ணுக்கு அவர் தகுதி தப்பவில்லை. காந்தியின் சகாக்களை ஒவ்வொருவராக எடைபோட்டு, சோன்யாவுக்குத்தான் முதலிடம் கொடுத்தார்.

1914 ஜூலையில் காந்தி இங்கிலாந்து வழியாக இந்தியா திரும்பக் கப்பலேறினார். சோன்யா அங்கேயே இருந்தார். படித்து, குரூகர்ஸ்டார்ப் உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் ஆசிரியையானார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. முன்பு காந்தியிடம் கடனாக மட்டுமே வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிய நாற்பது பவுனை, காந்தி இந்தியா போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மறக்காமல் முழுதாகத் திருப்பிக் கொடுத்தார். அறுபதைத் தாண்டிய வயதில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். 1956இல் காலமானார்.

(தொடரும்)