மோட்டார் வண்டியில் மின்னேற்றக் குறை

மழைக்காலத்தில் திருவனந்தபுரம் வலியசாலை போன்ற நெரிசலான தெருக்களில் மோட்டார் வண்டி ஊர்ந்தே செல்லும். எஞ்சின் மெல்லச் சுழல்வதால் மின் உற்பத்தி குறையும்; முகவிளக்கும் கண்ணாடித் துடைப்பானும் இயங்குவதால் மின்செலவு மிகும். மறுநாள் வண்டி கிளம்பாவிடில், பலர் உடனே புதிய பாட்டரி வாங்கிவிடுகின்றனர். குறை, பாட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலும் இருக்கலாம்.

இதனை அறிய வோல்ட்மானி ஒன்றே போதும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல 12 வோல்ட் பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில் பெரும்பாலான வண்டிகளில் இது 13.8 முதல் 14.5 வரை உயரும். உயர்ந்தால் பாட்டரியைச் சோதிக்க. உயராவிடில், எஞ்சினை நிறுத்தியபின், பெல்ட்டின் தளர்ச்சியையும் இணைப்புகளில் படிந்த துருவையும் பார்க்க. 15-ஐ மிஞ்சினால் மின்னழுத்தச் சீராக்கி பழுதுற்றிருக்கக்கூடும்.

எஞ்சின் ஓடும்போது பாட்டரி இணைப்பைக் கழற்றிப் பார்த்தல் டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டரில் அது டையோடுகளைக் கெடுத்துவிடும். ஆதலின் அறவே தவிர்க்கத்தக்கது.