நல்ல தவளையா, கெட்ட தவளையா?

போன ஜூன் மாதம், மழை விட்ட ஒரு ராத்திரி. வாசல் விளக்குக்குக் கீழே சுவரில் ஒரு சின்னத் தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மண் நிறம். ஒவ்வொரு விரல் நுனியிலும் குட்டியாய் ஒரு வட்டத் திண்டு. எட்டு வயது மகள் கேட்டாள்: "அம்மா, இது நல்ல தவளையா, கெட்ட தவளையா?"

அவள் அப்படிக் கேட்கக் காரணம் இருக்கு. நாங்கள் ஃப்ளோரிடாவில், டாம்பா பக்கம் இருக்கிறோம். இங்கே கியூபா மரத்தவளை என்று ஒன்று பெருகிக் கிடக்கிறது. 1931-லேயே கீ வெஸ்ட் தீவில் இருந்ததாகப் பதிவு. அப்புறம் சரக்கு, வண்டி, தோட்டச் செடி என்று தொற்றிக்கொண்டு மாநிலத்தின் பெரும்பகுதிக்கும் வந்துவிட்டது. இந்த மண்ணின் சின்ன மரத்தவளைகளைப் பிடித்துத் தின்கிறது. மின்சாரப் பெட்டிக்குள் புகுந்து கரண்ட்டை நிறுத்துகிறது. பிடித்தால் திரும்ப விடாதீர்கள், வலிக்காமல் கொன்றுவிடுங்கள் என்பதுதான் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் மக்களுக்குச் சொல்வது.

நான் யோசிக்கவே இல்லை. "கெட்டதுதான்"னு சொல்லி ஒரு டப்பாவில் பிடித்துவிட்டேன். அப்புறம் ஏதோ சந்தேகம். ஈரத் துணியோடு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அது கியூபாக்காரன் இல்லை. அணில் மரத்தவளை. இங்கேயே பிறந்து வளர்ந்த இனம்.

வெளியே கொண்டுபோய் விட்டோம். மகள் கேட்டாள்: "அப்போ நாம அவனைக் கொன்னிருப்போமா?"

"ஆமாம்மா."

அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். பெயர் உறுதியாகத் தெரியாமல் எந்தத் தவளை விஷயத்திலும் முடிவு எடுக்கக் கூடாது.

முதலில் காது

நம்மில் பலருக்குத் தெரிந்த தவளை எல்லாம் பழமொழியில் வருவதுதான். அம்மா திட்டும்போது, "தவளை தன் வாயால் கெடும்." ஆனால் தவளையை அடையாளம் காண அந்த வாய்தான் சுலபமான வழி. ஆண் தவளைகள்தான் துணையைக் கூப்பிட இப்படிச் சத்தம் போடும். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரல்.

இங்கே மழைக்காலம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை. சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துப் போங்கள். ஃப்ராக்வாட்ச் என்ற தன்னார்வலர் திட்டத்தின் முறையைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். முதல் இரண்டு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு காதுக்குப் பின்னால் கையைக் குவித்து மூன்று நிமிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு எண். சத்தமே இல்லை என்றால் 0. ஒவ்வொரு தவளையையும் தனியாக எண்ண முடிந்தால் 1. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ ஆரம்பித்தால் 2. எண்ணவே முடியாத கச்சேரி என்றால் 3.

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் மகள் எழுதி வைத்தது இது:

- பச்சை மரத்தவளை: மூக்கால் "க்வாங்க், க்வாங்க்". தூரத்தில் கேட்டால் மாட்டு மணி.
- அணில் மரத்தவளை: கோபப்பட்ட வாத்து. மழை வரும்போது அணில் திட்டுகிற மாதிரி.
- பன்றித் தவளை: பெயரே சொல்லிவிடும். அல்லி இலைகளுக்கு நடுவில் உறுமும்.
- சிறுத்தைப் புள்ளித் தவளை: பலூனைக் கையால் தேய்க்கும் சத்தம்.
- குறுவாய்த் தவளை: மூக்கடைத்த ஆட்டுக்குட்டி, "மே...ஏ...ஏ".
- ஓக் தேரை: கோழிக்குஞ்சு, "கீ, கீ".
- கியூபா மரத்தவளை: எண்ணெய் போடாத கதவு.

இதற்குக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். குடியிருப்புக்குள் மழைநீர் தேங்கும் குளமே போதும். ஒரு வாரம் மட்டும் தண்ணீர் நிற்கும் பள்ளம் இன்னும் நல்லது. அங்கே தலைப்பிரட்டையைத் தின்ன மீன் இருக்காது. பகலில் என்றால் டாம்பாவில் ஹில்ஸ்பரோ ஆற்றோரம் லெட்டஸ் லேக் பூங்காவின் மரப்பாலம். நேப்பிள்ஸ் பக்கம் போனால் கார்க்ஸ்க்ரூ சதுப்புநிலம். இலையோடு இலையாகக் காலை மடக்கித் தூங்கும் பச்சை மரத்தவளையைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை வேணும்.

முதலை இருக்கும் ஊர். அதனால் இருட்டில் தண்ணீர் ஓரத்துக்குப் போகாதீர்கள். மூடிய ஷூவும் டார்ச்சும் கட்டாயம். நாய் வளர்ப்பவர்கள் கரும்புத் தேரையைத் தெரிந்துகொள்ளுங்கள். தோளில் முக்கோணமாகப் பெரிய விஷச் சுரப்பி இருக்கும். கவ்விய நாய் செத்தும் போகலாம். வாயைத் துடைத்துக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

பிறகு கண்

சுவரில் ஒட்டியிருப்பது வாயே திறக்காவிட்டால்? ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் நாங்கள் நான்கைப் பார்க்கிறோம்.

அளவு: இங்குள்ள மரத்தவளைகள் பொதுவாக 2.5 அங்குலத்தைத் தாண்டாது. கியூபாத் தவளையில் பெண் 5 அங்குலம்கூட வளரும்.
விரல் திண்டு: கியூபாவுக்கு உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது.
தோல்: கியூபாவுக்குச் சொரசொரப்பு, மரு மருவாக. மற்றவைக்கு வழவழப்பு.
தலை: இரண்டு கண்ணுக்கும் நடுவில் மெதுவாக விரலால் நகர்த்திப் பாருங்கள். கியூபாவுக்கு அந்தத் தோல் மண்டையோட்டோடு ஒட்டியிருக்கும், நகராது.

நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. அணில் மரத்தவளை பச்சையாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். நான் ஏமாந்தது அதில்தான்.

தவளை தோல் வழியாக எதையும் உறிஞ்சும். சன்ஸ்க்ரீன், கொசு மருந்து தடவிய கையால் தொடாதீர்கள். கியூபாவின் தோலில் ஊறும் பசை கண்ணில் பட்டால் எரியும். அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

குழாயில் வந்தவன்

ஆராய்ச்சியாளர்கள் செய்வதைப் பார்த்து ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை மூன்றடி நீளத்துக்கு வெட்டி மரத்தடியில் நட்டோம். மரத்தவளைகள் பகலில் தாமாகவே உள்ளே போய் உட்காரும், வேண்டும்போது வெளியேறும். முதலில் வந்தவை இரண்டு பச்சை மரத்தவளைகள். ஆகஸ்டில் ஒரு பெரிய உருவம். அளவு, திண்டு, மரு, தலை. நான்கும் கியூபா.

மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அது கேட்டா இங்க வந்துச்சு? நாமளும் வெளியில இருந்து வந்தவங்கதானே?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரும், தயாராக இருங்கள். நான் தயாராக இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். அதன்மேல் தப்பு இல்லை. கொண்டுவந்தது மனிதர்கள். அது கெட்ட தவளையும் இல்லை, அதன் வயிற்றுக்குச் சாப்பிடுது. ஆனால் இந்தக் குழாயில் அது இருந்தால் அந்தப் பச்சைத் தவளைகள் இருக்காது. மனிதர்கள் கதை வேற. ஒரு ஊருக்கு வந்தவர்கள் அங்கே இருப்பவர்களோடு பேசி, பழகி, சேர்ந்து வாழ முடியும். தவளையால் அது முடியாது.

பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி, மரத்துப்போக வைக்கும் பென்சோகெய்ன் ஜெல்லை வயிற்றில் தடவி, மயங்கிய பிறகு பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். மகள் பார்க்க மாட்டேன் என்றாள். கட்டாயப்படுத்தவில்லை. எனக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நோட்டில் தேதி போட்டு அவளே எழுதினாள்: "கியூபா மரத்தவளை, 1." பக்கத்தில் நல்லது, கெட்டது என்று எதுவும் இல்லை. அவள் இப்போது சுவரில் தவளையைப் பார்த்தால் கேட்பது, "அம்மா, இது யாரு?"

நேற்று நல்ல மழை. குளத்தில் பச்சை மரத்தவளை 3, குறுவாய் 2. கதவுச் சத்தம் 1.